துச்சில்: சென்னை வாடகை அறை பற்றிய ஓர் இலக்கியத் திறனாய்வு

1. தோற்றுவாய்

இக்காலத் தமிழ்ப் படைப்புகளுள் பெருநகர் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டவை பல. அவற்றுள்ளும் சென்னை மாநகரில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையையோ, ஒரு வீட்டின் சிறு பகுதியையோ களமாகக் கொண்டவை தனி வகையாக வைத்து எண்ணத்தக்கன. எனினும் அவற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் ஒரே முடிவிற்கு வருகின்றனர். வாடகை அறை வறுமையின் அடையாளம் என்பதும், அதன் குறுகிய சுவர்கள் நடுத்தர வகுப்பாரின் குறுகிய வாழ்வைக் காட்டுகின்றன என்பதும் அம்முடிவாம். வகுப்பறையிலும் தேர்வுத் தாளிலும் இக்கருத்தே மீண்டும் மீண்டும் எழுதப்படக் காண்கின்றோம்.

இதனை முற்றும் பிழை என்று மறுத்தல் எம் நோக்கமன்று. இது போதாது என்பதே எம் கருத்து. வாடகை அறையின் துயர் வறுமை ஒன்றே எனின், சொந்தக் குடிசையில் வாழும் ஏழையின் துயரும் வாடகை அறையில் வாழ்வோன் துயரும் ஒன்றாதல் வேண்டும். அவ்வாறு ஆகாமையை எவரும் அறிவர். மேலும், 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது; அதன்பின் தென்சென்னையில் பெருகிய கணினித் தொழிலை நாடி, நிறைந்த ஊதியம் பெறும் இளைஞர் பலர் வந்து குடியேறினர். படுக்கையும் சமையலும் இருக்கையும் ஒரே அறையில் அமைய, குளியலறை மட்டும் தனியே பிரிக்கப்பட்ட ‘ஸ்டூடியோ’ வீடுகளில் அவருள் சிலர் வாழ்கின்றனர். அவரை ஏழையர் எனல் பொருந்தாது. ஆயினும் முருகதாசர் முதலிய பழங்கதை மாந்தர் உற்ற இடரின் ஒரு கூறு அவர்க்கும் உண்டு. அக்கூறு யாது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

2. சொல்லாராய்ச்சி

முதற்கண் சொற்களை நோக்குவோம். தமிழில் வீட்டிற்கு ‘இல்’ என்பதும் ‘மனை’ என்பதும் ‘அகம்’ என்பதும் பெயர்களாம். இல்லை உடையவள் இல்லாள். மனைக்கு உரியவள் மனைவி. ‘அகம்’ என்னும் சொல் வீட்டையும் உள்ளத்தையும் காதல் ஒழுக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். எனவே, வீடு என்பது சுவரும் கூரையுமாகிய கட்டடம் மட்டுமன்று; உரிமையும் உறவும் மறைவும் சேர்ந்ததே வீடு எனப் பழந்தமிழர் கொண்டனர் என்பது பெறப்படும்.

‘குடி’ என்னும் சொல் குடும்பத்தையும் குலத்தையும் ஆளப்படும் மக்களையும் உணர்த்தும். அதனடியாகப் பிறந்த ‘குடிக்கூலி’ என்பது வீட்டு வாடகையைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். இன்று அது வழக்குக் குன்றிவிட்டது. கூலி என்பது உழைப்பிற்குத் தரும் விலை. குடிக்கூலியோ இருப்பதற்குத் தரும் விலை. சென்னை மக்கள் வழக்கில் நிலைபெற்ற மற்றொரு தொடர் ‘ஒண்டுக் குடித்தனம்’ என்பது. ஒண்டுதல் என்பது ஒதுங்குதல், ஒட்டி நிற்றல் எனப் பொருள்படும். மழைக்கு ஒண்டுகின்றவன் பிறர் வீட்டு இறப்பின்கீழ் நிற்கின்றான், அவ்வீடு அவனுடையதன்று. குடும்பம் நடத்துதலாகிய பெருஞ்செயலும், பிறர் இறப்பில் ஒதுங்கி நிற்றலாகிய சிறுநிலையும் ஒரு தொடருள் இணைக்கப்பட்டமை சென்னை மக்களின் மொழித்திறனுக்குச் சான்று.

இத்தொடர் குறிக்கும் நிலையைத் திருவள்ளுவர் ஒரு சொல்லால் சுட்டியுள்ளார். நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (340) ‘புக்கில்’, ‘துச்சில்’ என்னும் இரண்டு சொற்கள் எதிர்நிலையில் வருகின்றன. புக்கபின் புறப்படவேண்டாத நிலையான வீடு புக்கில். ஒதுங்கியிருக்கும் இடம் துச்சில். உடம்பினுள் ஒதுங்கியிருக்கும் உயிருக்கு நிலையான வீடு இன்னும் வாய்க்கவில்லை போலும் என்பது அக்குறளின் கருத்து.

இதற்குப் பரிமேலழகர் கூறும் விளக்கம் நுட்பமானது. உடம்பை நோய்களுக்கு உரிய வீடாகவும், உயிரை அவ்வீட்டில் ஒதுங்கியிருப்பதாகவும் அவர் கொள்கின்றார். அந்நோய்கள் அமைதியுற்ற நாளில் உயிர் இருக்கும். அவை வெகுண்ட நாளில் உயிர் வெளியேறும். ஆதலின் அது துச்சில் ஆயிற்று என்கின்றார். துச்சிலின் இலக்கணமாக அவர் இடத்தின் சிறுமையைக் கூறவில்லை. பொருளின் குறைவையும் கூறவில்லை. உடையவரின் வெகுளிக்கும் அமைதிக்கும் ஏற்ப இருத்தலும் போதலும் அமைவதே துச்சிலின் இலக்கணம் என்றார். வீட்டுடையவரின் முகக்குறிப்பை நாள்தோறும் நோக்கி வாழ்ந்தோர் இவ்வுரையின் நுட்பத்தை எளிதில் உணர்வர்.

ஆகவே, வாடகை அறை பற்றிய படைப்புகளை ஆராய்வோர்க்கு ‘வறுமை’ என்பதினும் ‘துச்சில்’ என்பது பொருத்தமான திறவுகோல் என யாம் கருதுகின்றோம். இக்கருத்தைப் பழைய இலக்கியம் ஒன்றாலும் வழிவழி வந்த வரலாறு ஒன்றாலும் முதலில் வலியுறுத்தி, பின்னர் இக்காலப் படைப்புகள் மூன்றினை நோக்குவோம்.

3. மாதரி அளித்த சிறுமனை

பெருநகருக்குப் புதியராய் வந்து தங்க இடமின்றி நின்றோரைத் தமிழ்க் காப்பியம் தொடக்கத்திலேயே காட்டுகின்றது. பொருளிழந்த கோவலனும் அவன் மனைவி கண்ணகியும் மதுரைப் புறஞ்சேரியை அடைகின்றனர். கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதியவளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். மாதரி அவர்களைத் தன் வீட்டின் ஒரு மூலையில் இருத்தவில்லை. செம்மண் பூசிப் பந்தலிட்ட, காவலுடைய சிறிய வீடு ஒன்றைத் தனியே அளிக்கின்றாள். புதிய கலங்களையும், அவர்தம் நோன்பிற்கு ஏற்ற உணவுப் பொருள்களையும் தருகின்றாள். தன் மகள் ஐயையைத் துணையாக வைக்கின்றாள். அவ்வீட்டில் கண்ணகி தன் கையாற் சமைத்துக் கணவனுக்குப் படைக்கின்றாள்.

அவ்வீடு சிறியது, அவர்களோ பொருளிழந்தவர்கள். ஆயினும் அது துச்சில் அன்று. ஏன் எனின், அவ்வீட்டின் வாயில் கண்ணகிக்கு உரியது. மாதரி அவளை விருந்தாகவும் அடைக்கலமாகவும் ஏற்றாளேயன்றிக் கூலி தருபவளாக ஏற்கவில்லை. அடைக்கலம் தந்தவள் அடைக்கலம் புக்கவரின் உயிருக்கே பொறுப்பேற்கின்றாள். அப்பொறுப்பு நிறைவேறாதபோது மாதரி தீப்புகுந்து உயிர் துறந்தாள் எனக் காப்பியம் பின்னர்க் கூறுகின்றது. இத்துணைப் பொறுப்பை இக்கால வீட்டுடையவரிடம் எதிர்பார்த்தல் கூடாது, அது முறையுமன்று. இடம் தருதல் என்னும் ஒரே செயல் அடைக்கலமாகும்போது ஓர் உறவையும், குடிக்கூலியாகும்போது வேறோர் உறவையும் தோற்றுவிக்கும் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

4. திருக்கோவலூர் இடைகழி

இடத்தின் சிறுமையே துயருக்குக் காரணம் என்பாரை மறுப்பதற்கு முதலாழ்வார் மூவர் வரலாறு துணை நிற்கும். மழை பெய்த இரவில் திருக்கோவலூரில் ஓர் இடைகழியில் ஒருவர் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்தபோது இருவரும் அமர்ந்தனர். மூன்றாமவர் வந்தபோது மூவரும் நின்றனர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவு வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. நெருக்கம் மிகுந்தபோது நான்காவதாகத் திருமாலே வந்து நெருக்கினார் என்பது வைணவர் கொள்கை.

இன்றைய நகரத்தின் எந்த அறையும் இதனினும் குறுகியதாக இருத்தல் அரிது. ஆயினும் அவ்விடம் மூவர்க்கும் துயர் தரவில்லை. மூன்று அந்தாதிகள் அங்குப் பிறந்தன. அங்கிருந்தோருள் எவரும் மற்றவரை வெளியேற்றும் உரிமை உடையவர் அல்லர். முன் வந்தவர் பின் வந்தவரைச் சாதியும் ஊரும் கேட்டுத் தடுக்கவுமில்லை. எனவே, சிறுமை வேறு, துச்சில் வேறு என்பது தெளிவாகும்.

இடைகழி என்னும் அமைப்பும் கருதத்தக்கது. தெருவாயிலுக்கும் வீட்டின் உட்பகுதிக்கும் இடைப்பட்ட வழியே இடைகழி. மக்கள் அதனை ரேழி என்பர். அதற்கு முன்னே திண்ணை. தெருவிலிருந்து வருவோரைத் திண்ணையில் இருத்தலாம். நெருங்கியோரை இடைகழியில் இருத்தலாம். உறவினரை உள்ளே அழைக்கலாம். யாரை எவ்வளவு தூரம் உள்ளே வரவிடுவது என்பதை வீட்டார் தீர்மானிப்பதற்கு இவ்வமைப்பு இடம் தந்தது. திருவள்ளுவர் இல்வாழ்க்கையின் பயனாக விருந்தோம்பலைக் கூறியதும், விருந்தினர் புறத்தே இருக்கத் தான் மட்டும் உண்ணுதல் தகாது என்றதும் அகமும் புறமும் தனித்தனியே அமைந்த வீட்டை உளங்கொண்டே ஆகும். வாடகை அறையில் கதவைத் திறந்தால் கட்டில் தெரிகின்றது. வந்தவர் ஒன்று தெருவில் நிற்றல் வேண்டும். இன்றேல் படுக்கையில் அமர்தல் வேண்டும். வரவேற்றலும் தடுத்தலும் ஆகிய இரண்டும் அரிதாகும் இந்நிலையே துச்சிலின் இரண்டாம் கூறு எனலாம்.

5. முருகதாசரின் ஒரு நாள்

புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ 1930களில் எழுதப்பட்ட சிறுகதை. எழுத்தாளராகிய முருகதாசர் மனைவி கமலத்துடனும் சிறு மகளுடனும் சென்னையில் ஒட்டுக்குடித்தனம் இருக்கின்றார். அறைகள் காலி எனத் தொங்கிய பலகையை நம்பி உள்ளே நுழைந்தவர் அவர். கதையில் பெருநிகழ்ச்சி எதுவுமில்லை. கடைக்காரன் கடனும், மகளின் குறும்பும், நண்பர் வருகையும், காப்பியுமாக ஒரு நாள் கழிகின்றது.

இக்கதையை வறுமைக்கதை என்றே பலரும் கூறுவர். அதன் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது என்பது எம் துணிபு. நண்பர் வந்தபோது முருகதாசர் அவர்க்குக் காப்பி தந்து உபசரிக்க முயல்கின்றார்; பின்னர் அந்நண்பரிடமே சிறுதொகை கடன் கேட்கின்றார். விருந்தினரை ஓம்பவேண்டியவன் விருந்தினரிடமே இரக்கின்றான். இல்வாழ்க்கையின் பயன் எனப் பெரியோர் கூறிய அறம் அவ்வறையில் தலைகீழாகின்றது. வறியராயிருந்தும் விருந்தோம்பிய மாந்தரைப் புறநானூறு பலபடக் காட்டும். அவர்க்கு வறுமை உண்டு. தம் வாயிலில் தாமே தலைவர் என்னும் நிலையும் உண்டு. முருகதாசர்க்கு வறுமை மட்டும் உண்டு, வாயில் இல்லை. அவர்தம் சிறு அறைக்குள் கடன்காரனும் நண்பரும் கற்பனையும் ஒரே நிலையில் வந்து நிற்கின்றனர். எதனையும் திண்ணையில் இருத்திவைக்க அவரால் இயலவில்லை. ஆசிரியர் இதனை அழுகையாக்காமல் நகையாக்கியமை கதையை உயர்த்துகின்றது.

6. மாடிப்படியின் கீழ்

கே. பாலச்சந்தர் 1968இல் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ திரைப்படம் நாடகமாக முதலில் அமைந்தது. பல குடித்தனங்கள் சேர்ந்து வாழும் வீட்டில், மாடிப்படியின் கீழ் தங்கும் அநாதை இளைஞன் மாது அதன் தலைவன். குடித்தனக்காரர் ஏவும் வேலைகளைச் செய்து, அவர் தரும் உணவை உண்டு, அவன் கல்வி பயில்கின்றான்.

துச்சிலுக்குள்ளும் ஒரு துச்சில் உண்டு என்பதை இப்படைப்பு காட்டுகின்றது. வாடகைக்கு இருப்போர் வீட்டுடையவர்க்கு அஞ்சுவர். மாதுவோ வாடகைக்கு இருப்போர் அனைவர்க்கும் அஞ்சவேண்டியவன். பரிமேலழகர் கூறிய வெகுளியும் அமைதியும் அவனுக்கு ஒருவரிடமிருந்து வருவதில்லை. வீடு முழுவதிலுமிருந்து வருகின்றது. அவன் இருக்கும் இடம் யாவரும் ஏறி இறங்கும் படியின் கீழ் உள்ளது; அவன் தலைமேல் நடவாதவர் அவ்வீட்டில் இல்லை. ஆயினும், ஒருவனைப் பலர் சேர்ந்து உண்பித்து வளர்ப்பதாகிய பழைய ஊர் வழக்கம் அங்குக் குறையுற்ற வடிவில் உயிரோடிருக்கின்றது. இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காட்டியமையே இப்படைப்பின் சிறப்பு. மாதுவின்பால் இரக்கம் விளைக்கும் பகுதிகள் சில இடங்களில் அளவு மீறுகின்றன என்பதையும் நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும்.

7. கதவைத் தட்டிய கை

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) இவ்வகைப் படைப்புகளுள் தலைசிறந்தது என்பது எம் முடிபு. தண்ணீர்ப் பஞ்சம் நிலவிய சென்னையில், திரைப்படத்தில் சிறு வேடங்களை நாடும் ஜமுனாவும், அலுவலகப் பணி செய்யும் அவள் தங்கை சாயாவும் வாடகை இடத்தில் வாழ்கின்றனர். ஜமுனாவைத் தன் போக்கிற்கு இழுக்கும் பாஸ்கர்ராவ் அங்கு வருகின்றான். அவன் வரவைத் தடுக்க அவ்வீட்டில் திண்ணையும் இல்லை, ஜமுனாவிடம் உறுதியும் இல்லை. தமக்கையின் வாழ்வோடு ஒத்துப்போக இயலாத சாயா பெண்கள் விடுதிக்குச் செல்கின்றாள். ஒரு துச்சிலிலிருந்து மற்றொரு துச்சிலுக்குச் செல்லுதலே அவளுக்கு வாய்த்த விடுதலை.

தனிமையுற்ற ஜமுனா உயிர்விடத் துணிகின்றாள். அவ்வேளையில் வீட்டுக்கார அம்மாளின் வரவு அவளைத் தடுக்கின்றது. அங்கு வந்தவள் அன்பால் வந்த மாதரி அல்லள். வீட்டுக்கு உரியவள் என்னும் நிலையில் வந்தவள். எனினும், ஓர் உயிர் அன்று நிலைபெறுவதற்கு அவ்வரவே காரணமாயிற்று. குடியிருப்போரின் மறைவைக் குலைக்கும் அதே உரிமை, மறைவில் நிகழவிருந்த சாவையும் குலைத்தது. வீட்டுடையவரைக் கொடியவராகவும் குடியிருப்பவரை நல்லவராகவும் வகுத்து எழுதுவோர்க்கு இத்தகைய காட்சி தோன்றாது. அசோகமித்திரன் எவர்பக்கமும் சாராது, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி கூறிச் செல்கின்றார். துச்சிலின் இருமுகமும் அதனால் வெளிப்படுகின்றன.

8. தடையும் விடையும்

‘வாடகை அறையைத் துயரின் இடமாக மட்டும் கொள்ளுதல் தகுமோ? பலர்க்கு, சிறப்பாகப் பெண்டிர்க்கு, அது விடுதலையின் இடமன்றோ?’ என ஒரு தடை எழுதல் கூடும். இத்தடை வலியுடையது. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1929இல் வெளியிட்ட நூலில், பெண் ஒருத்தி எழுதவேண்டுமெனின் ஆண்டுக்கு ஐந்நூறு பவுன் வருவாயும் பூட்டக்கூடிய கதவுடைய அறையும் வேண்டும் என்றார். கூட்டுக் குடும்பத்தின் பெரிய வீடுகளில் ஒரு மூலையும் தமக்கென இல்லாது வாழ்ந்த பெண்டிர் நம் நாட்டில் எண்ணிறந்தோர். அவர்க்கு அவ்வீடே துச்சிலாக இருந்தது. தம் ஊதியத்தால் எடுத்த சிறு அறை, அவருள் சிலர்க்குப் புக்கிலின் முதற்படியாகத் தோன்றுதல் இயல்பே.

இதனை யாம் முழுதும் உடன்படுகின்றோம். உல்ஃப் அறையின் அளவைக் கூறாது பூட்டைக் கூறியமையை நோக்குக. எம் கருத்திற்கு அது அரண் செய்கின்றது. ஆயின், அப்பூட்டின் திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதே வினா. தனித்து வாழும் பெண் அறை தேடிச் செல்லும்போது திருமணம் ஆயிற்றா, யார் வந்து போவார், இரவில் எப்போது திரும்புவாய் எனக் கேட்கப்படுகின்றாள். சாதியும் சமயமும் புலால் உண்ணும் வழக்கமும் வினவப்படுதலும், விடை பிடிக்காதவிடத்து அறை இல்லை எனப்படுதலும் நகரத்தார் அறிந்தவையே. இவ்வினாக்களுக்குக் கையில் உள்ள பணம் விடையாவதில்லை. எனவே, ஊதியம் மிகுந்தோரும் துச்சிலில் இருப்பவராதல் கூடும் என்று முன்னர்க் கூறியது வலியுறும்.

சட்டம் இந்நிலையை ஓரளவு உணர்ந்துள்ளது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக, வீட்டுடையவர் குடியிருப்போர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் அமைதல் வேண்டும் என்பதும், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்பதும், வீட்டுடையவர் உள்ளே வருவதற்குமுன் எழுத்தால் அறிவித்தல் வேண்டும் என்பதும் அதன் கூறுகளுள் சில. இறுதியில் கூறிய விதி எம் ஆராய்ச்சிக்கு நேரே பொருந்துவது. அறையில் இடத்தால் அமையாத இடைகழியைச் சட்டம் காலத்தால் அமைக்க முயல்கின்றது. அறிவிப்பிற்கும் வருகைக்கும் இடைப்பட்ட காலமே குடியிருப்போர்க்குரிய திண்ணையாம். ஆயின், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் சென்னை வழக்கத்திற்குப் பழகியவர்கள், சட்டத்தின் சொல் வாழ்க்கையின் சொல்லாவதற்கு நாள் செல்லும் என்பதை அறிவர்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், சென்னை வாடகை அறை பற்றிய படைப்புகளின் உள்ளீடு வறுமையோ இடச்சிறுமையோ மட்டுமன்று என்பதும், பிறர் வெகுளிக்கு உட்பட்டு இருத்தலும் தமக்கென வாயில் இன்மையும் ஆகிய துச்சில் நிலையே என்பதும் விளங்கும். முருகதாசர் விருந்தினரிடம் கடன் கேட்டதும், மாது படியின் கீழ் இருந்ததும், ஜமுனாவின் கதவு தட்டப்பட்டதும் இந்நிலையின் வேறுவேறு தோற்றங்கள்.

இனி இத்துறையில் ஆராய்வோர் ஒரு படைப்பில் வாடகை அறை வருமிடத்து, அதன் நீள அகலத்தையும் வாடகைத் தொகையையும் குறித்தலோடு அமையாது, மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். அவ்வறையின் கதவைத் திறக்கவும் மூடவும் உரிமையுடையவர் யாவர்? வருவோரை இருத்துதற்கு அங்கு இடம் உண்டோ? நாளை வெளியேறுக எனின், அதனைச் சொல்பவர் என்ன காரணம் கூறுதல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு ஒரு படைப்பு தரும் விடையைக் கொண்டே அது நகர வாழ்க்கையை எவ்வளவு உணர்ந்து எழுதப்பட்டது என்பதை அளவிடலாம். ‘ஸ்டூடியோ’ வீடுகளில் வாழும் இன்றைய தலைமுறையின் கதைகள் இப்போதுதான் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றை வறுமை என்னும் பழைய அளவுகோலால் அளப்பின், ஆங்குத் துயரே இல்லை என்னும் பிழையான முடிவிற்கே வருவோம்.